இறக்கத்தில் மட்டும் கொதித்த லாரி

மலை மேலே எல்லோரும் அவரைச் சைலன்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ஆள். இருபத்தாறு வருடமாகக் கல் குவாரிக்கு டிப்பர் லாரி ஓட்டுகிறார். சொந்த லாரிதான், ஆனால் சொந்தம் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கும். ஒரு கதவுக்குக் கைப்பிடி கிடையாது, கயிறுதான். ஹாரன் ஒரு நாள் அடிக்கும், மறுநாள் முனகும்.

பெண்டாட்டி நேர் எதிர். அவருக்கும் சேர்த்து அவளே பேசுவாள். சிறுநீரகம் இரண்டும் சுருங்கிவிட்டன என்று டாக்டர் சொன்னபோது, "ரெண்டும் ஒண்ணா போச்சா? நாங்க ரெண்டு பேரும் இப்படி ஒத்துமையா இருந்ததில்ல டாக்டர்" என்றவள். அதிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் டவுன் ஆஸ்பத்திரி மெஷினில் நாலு மணி நேரம் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். மலைக்குப் பஸ் நின்று பல வருடமாயிற்று. சைலன்சர் கல் ஏற்றிக்கொண்டு இறங்கும்போது அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு போவார். மாலையில் காலி வண்டியில் கூட்டிவருவார்.

ஆறு வாரமாக லாரிக்கும் உடம்பு சரியில்லை. இறங்கும் வழியில் பாதியில் ரேடியேட்டர் தண்ணீரை வெளியே பீய்ச்சித் தள்ளும், இஞ்சின் கொதிக்கும். ஈரச் சாக்கைப் போட்டு மூடியைத் திருகினால் சீறிக்கொண்டு வரும். ஓஸ் பைப்புகள் கட்டை மாதிரி விறைத்து நிற்கும். இரவெல்லாம் ஆறிய வண்டியைக் காலையில் தொட்டுப் பார்த்தாலும் அந்த விறைப்பு போகாது. ஒரு இறக்கத்துக்கு முப்பது லிட்டர் குடித்தது லாரி. பக்கத்தில் இருப்பவளுக்கோ நாள் முழுக்க அரை லிட்டருக்கு மேல் ஆகாது.

"எனக்கு மட்டும் மூடியில அளந்து குடுக்கறீங்க, இவளுக்குக் குடம் குடமா ஊத்தறீங்க. ரெண்டாம் தாரம்னா தனி உபசாரம்தான்" என்பாள்.

லாரியைப் பார்ப்பது அவளுடைய தம்பி. நல்ல மெக்கானிக். ஆனால் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதை மாற்றிக்கொள்ள மானம் இடம் கொடுக்காது. மூடியை மாற்றினான். ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினான். பிறகு, "ஹெட் கேஸ்கட் போயிடுச்சு மாமா. உள்ள வெடிக்கிற காத்து தண்ணிக்குள்ள பூருது" என்று இஞ்சின் தலையையே தூக்கினான். புது கேஸ்கட் போட்டு மூட்டினான். அடுத்த இறக்கத்தில் அதே கொதிப்பு. மறுபடி தூக்கினான். விரிசல் இருக்கும் என்று மண்ணெண்ணெய் ஊற்றிவைத்து ஒரு நாள் முழுக்க உற்றுப் பார்த்தான். ஒரு சொட்டு ஒழுகவில்லை. லாரி தலையில்லாமல் கிடந்த அந்த வாரம்தான் அவளுக்குச் செவ்வாய்க்கிழமை முறை தவறிப்போயிற்று.

குவாரிக்கு மழை விடுமுறை. மற்ற லாரி ஒன்றுகூட மேலே இல்லை. தம்பியின் பைக்கில் உட்காரவைத்துப் பார்த்தார்கள், வாசல் தாண்டுவதற்குள் மூச்சு முட்டியது. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டால், மலை ரோட்டுக்கு வண்டி அனுப்ப உத்தரவு இல்லை, கீழே கொண்டுவந்துவிடுங்கள் என்றார்கள். அவள் போனைப் பிடுங்கி, "கீழ வர முடிஞ்சா உங்களை எதுக்குய்யா கூப்பிடறோம், பூச்செண்டு குடுக்கவா?" என்று கேட்டுவிட்டு வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அந்த வாயும் ஓய்ந்திருந்தது. கால் இரண்டும் தூண் மாதிரி வீங்கி, கட்டை விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. மூன்று நாளாகப் படுக்க முடியவில்லை. வாசலில் நாற்காலி போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு வாக்கியத்துக்கு மூன்று இடத்தில் மூச்சு வாங்கியது. பதினொரு மணிக்கு அவள் முறை. இதுவும் தவறினால் நுரையீரலில் தண்ணீர் ஏறிவிடும் என்று நர்ஸ் போனில் சொல்லியிருந்தாள்.

தம்பி இஞ்சினைப் பூட்டி முடித்து, ரேடியேட்டரில் வாய் வரை தண்ணீர் விட்டு, மூடாமலே ஸ்டார்ட் செய்தான். குபுகுபுவென்று குமிழி வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"மூணாவது தடவை கழட்டணும் மாமா."

"கழட்டினா அவ செத்துடுவாடா" என்றார் சைலன்சர். அவர் அவ்வளவு பேசியதே அதிகம்.

நாற்காலியிலிருந்து குரல் வந்தது. "டேய்… திரும்பி ஏறும்போது… ஏன்டா கொதிக்கல?"

"அப்ப காலி வண்டி, அக்கா. இறங்கறப்ப எட்டு டன் லோடு இருக்குல்ல."

"மண்டூ. லோடு ஏத்தத்துலதான… இழுக்கும். இறக்கத்துல… அதுவா உருளுது. உங்க மாமா… பிரேக்குல வச்ச காலை… எடுக்கறதே இல்ல. வேற என்ன… வேலை நடக்குது அங்க?"

தம்பி வாயைப் பிளந்துகொண்டு அவளைப் பார்த்தான். அந்த லாரிக்குக் காற்றுப் பிரேக். மிதிக்க மிதிக்கக் காற்று செலவாகும். செலவான காற்றை இஞ்சின் பக்கத்தில் பூட்டியிருக்கும் கம்ப்ரசர் அடித்து நிரப்பும். அந்தக் கம்ப்ரசர் சூடாகாமல் இருக்க இதே ரேடியேட்டர் தண்ணீர்தான் அதற்குள்ளும் ஓடுகிறது.

ஓடிப்போய் ஏர் டேங்கின் அடித் திருகைத் திறந்தான். காற்று வெளியேறியது, குமிழி கொப்பளித்தது. திருகை மூடினான். டேங்க் நிறைந்து வால்வு துப்பிய நிமிடம் ரேடியேட்டர் வாயில் தண்ணீர் அசையாமல் நின்றது. திறந்தான், கொப்பளித்தது. மூடினான், நின்றது.

"காத்து இஞ்சின்ல இருந்து வரல மாமா. கம்ப்ரசர் தலை வெடிச்சிருக்கு" என்று தன் தலையில் அடித்துக்கொண்டான். ஆறு வாரமாக ஒரு முழம் தள்ளி இருந்ததை விட்டுவிட்டுப் பெரிய தலையையே கட்டிக்கொண்டு அழுதிருக்கிறான்.

கண்டுபிடித்தால் மட்டும் போதுமா? மாற்றுக் கம்ப்ரசர் டவுனில்தான் கிடைக்கும். மணி ஒன்பதரை. தம்பி கம்ப்ரசருக்குப் போகும் இரண்டு தண்ணீர் ஓஸையும் பிடுங்கி, ஒரு குழாய்த் துண்டை நடுவில் வைத்து ஒன்றோடொன்று இணைத்தான்.

"இஞ்சின் இனி கொதிக்காது. ஆனா கம்ப்ரசர் தண்ணி இல்லாம காயும், காத்தும் கசியும். இறுகிப்போச்சுன்னா டேங்க்ல இருக்கற காத்துதான் மாமா பிரேக்கு."

"எத்தனை மிதி?"

"ஏழு. எட்டு."

மலையில் பெரிய வளைவு பதினாலு. சைலன்சர் டிப்பரைத் தூக்கி, மழைக்கு முன்னால் ஏற்றியிருந்த கல்லை அங்கேயே கொட்டினார். அவளைத் தூக்கி உட்காரவைத்தார். தம்பி முட்டுக்கட்டையைப் பிடித்துக்கொண்டு கதவோரப் படியில் தொற்றிக்கொண்டான்.

முதல் கியரில், இஞ்சின் அலற அலற இறங்கினார்கள். வளைவுக்கு வளைவு மிதிக்காமல் ஸ்டீயரிங்கிலேயே சமாளித்தார். முடியாத இடத்தில் மட்டும் ஒரு மிதி. ஒன்பதாவது வளைவில் கருகல் நாற்றம் வந்தது. பதினொன்றில் படாரென்று கம்ப்ரசர் பெல்ட் அறுந்தது. காற்று முள் இறங்கியது, ஏறவில்லை.

"ஏங்க… பயமா இருக்கா?"

"ம்."

"எனக்கும்தான். தொணதொணன்னு பேசாம… ஓட்டுங்க."

கடைசி மூன்று வளைவுக்கு அவரிடம் இருந்தது இரண்டு மிதி. பதிமூன்றாவதில் மிதிக்காமல் மண் மேட்டில் தம்பி தொற்றாத பக்கத்தை உரசிக்கொண்டே போனார். கண்ணாடி ஒன்று தெறித்து விழுந்தது. ஆஸ்பத்திரி வாசலில் கைப்பிரேக்கை இழுத்தும் லாரி நகர்ந்துகொண்டே இருந்தது. தம்பி குதித்துச் சக்கரத்துக்கடியில் கட்டையைப் போட்டான்.

மணி பன்னிரண்டேகால். அவள் முறையில் வேறு ஆள் படுத்திருந்தார்.

"செவ்வாய்க்கிழமை எங்கம்மா போனீங்க?" என்று நர்ஸ் கத்தினாள்.

"லாரிக்கு… தலையில ஆபரேஷன்."

நர்ஸ் அவள் உதட்டைப் பார்த்தாள். நீலம் பாய்ந்திருந்தது. அதற்கப்புறம் கத்தவில்லை. அவ்வளவு ஆபத்தில்லாத ஒருவரை எழுப்பிவிட்டு, ஆக்சிஜன் மாட்டி, அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

"ஏழு கிலோ தண்ணி சேர்ந்திருக்கு" என்றாள் நர்ஸ் வெளியே வந்து. "ரொம்ப லேட்டா கொண்டுவந்திருக்கீங்க. சாயங்காலம் வரைக்கும் எதுவும் கேக்காதீங்க."

"மாமா, வாங்க, கம்ப்ரசர் கிடைக்குதான்னு பார்ப்போம்" என்று தம்பி கையைப் பிடித்தான்.

"நீ போ."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். உள்ளே மெஷின் சுற்றுவது தெரிந்தது, அவள் முகம் தெரியவில்லை. பிரேக்கை மிதித்த வலது கால் மட்டும் தானாக ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் முட்டியைப் பிடித்து அழுத்தினார். அது நிற்கவில்லை.