சத்தமில்லாத ஓர் அடி கேட்டவள்

சனிக்கிழமை காலை 6.40-க்குத் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் பெரம்பலூர் வண்டி ஏறினேன். கட்டணம் நாற்பத்தெட்டு ரூபாய். தோள்பையில் இரண்டு வெள்ளைச் சீருடை, ஒரு கறுப்புப் பட்டை, முழங்கால் வலிக்குத் தடவும் தைலம். நாற்பத்து மூன்று வயதில் கராத்தே சொல்லிக்கொடுப்பவளுக்குப் பட்டையைவிடத் தைலம்தான் அவசியம். உடையார்பாளையத்துக்கு அப்பால் ஓர் ஊரில் மகளிர் குழுப் பெண்களுக்கு இரண்டு நாள் தற்காப்புப் பயிற்சி தர என்னை அழைத்திருந்தார்கள். அந்த ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. இதில் வரும் பெண் இன்னும் அங்கேதான் குடியிருக்கிறாள்.

நேர்வழி லால்குடி, அரியலூர். நான் பெரம்பலூர் சுற்றிப் போனதற்குக் காரணம், அடி பழகப் பிடிக்கும் தோல் மெத்தைகள் இரண்டு அங்கே ஒரு தோழியிடம் இருந்தன. சமயபுரம், பாடாலூர், சிறுவாச்சூர் என்று அறுபது கிலோமீட்டர் நெடுஞ்சாலை. வழியெல்லாம் மக்காச்சோளம், அறுவடைக்கு வந்த சின்ன வெங்காயம். 8.15-க்குப் பெரம்பலூர். மெத்தைகளை வாங்கிக்கொண்டு நாற்பது ரூபாய்க்கு இட்லி தின்றுவிட்டு அரியலூர் வண்டியில் உட்கார்ந்தேன்.

பக்கத்தில் ஓர் அம்மாள், மடியில் வெங்காயப் பை. மெத்தைகளைத் தடவிப் பார்த்தார்.

"என்னாங்க இது, தலகாணியா?"

"இல்லீங்க. இதுல குத்திப் பழகுவாங்க. பொம்பளைங்களுக்குச் சண்டை சொல்லித்தரப் போறேன்."

"யாரைச் சண்டை போட?"

"கையப் புடிக்க வர்றவனை."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "வர்றவன் வெளியூர்க்காரனா இருந்தா சரிங்க," என்றார். பிறகு வழி முழுதும் வெங்காய விலை பேசினார். நானும் அதை அத்தோடு விட்டுவிட்டேன்.

அரியலூரை நெருங்க நெருங்கச் சிமெண்ட் லாரிகள். வரிசையாக நிற்கின்றன, வரிசையாக ஓடுகின்றன. சாலையோரத்து வேப்பமரங்களின் இலை பச்சையா சாம்பலா என்று சொல்ல முடியாது. ஓரிடத்தில் சாலை நடுவே சுண்ணாம்புக்கோடு போட்டு ஒற்றைச் செருப்பு கிடந்தது. ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார், பார்த்தார், மறுபடி மிதித்தார்.

அரியலூரில் வண்டி மாறி, 11.30-க்கு உடையார்பாளையம். குழுத் தலைவி சரோஜா மொபெட்டோடு காத்திருந்தார். ஐம்பது வயது, கணீரென்ற குரல். "வாங்க மாஸ்டரம்மா," என்றார். எங்கள் தொழிலில் பெண்ணும் மாஸ்டர்தான். அதோடு ஓர் அம்மாவைச் சேர்த்த முதல் ஆள் அவர். எனக்கு அது பிடித்துவிட்டது.

உள்ளே நான்கு கிலோமீட்டர், செம்மண், இரண்டு பக்கமும் முந்திரிக்காடு. முந்திரி மரம் நிமிர்ந்து வளர்வதில்லை. கிளைகள் தரையைத் தொட்டுக் கிடக்கும். உள்ளே ஒருவன் உட்கார்ந்திருந்தால் பத்தடி தள்ளிப் போகிறவளுக்கும் தெரியாது. காய்ப்புக் காலத்தில் தோப்புக்குத் தோப்பு காவல் இருக்கும், பெண்கள் கொட்டை பொறுக்குவார்கள், பேச்சுச் சத்தம் ஓயாது. நான் போனது ஐப்பசி. ஒரு ஈ, காக்கை இல்லை.

பிற்பகல் 2.00. சமுதாயக் கூடத்தில் பத்தொன்பது பெண்கள். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். வழக்கம்போல முதல் பாடம், முஷ்டி. விரல்களை மடக்கச் சொன்னேன். முன்வரிசையில் ஒருத்தி பாதிதான் மடக்கினாள். "நல்லா மூடு!" என்று அதட்டினேன். அவள் கையை நீட்டிக் காட்டினாள். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து, கறுத்து, வெடித்திருந்தது. முந்திரிக்கொட்டை உடைக்கிறவர்கள் அவர்கள். ஓட்டிலிருந்து கசியும் பால் தோலை அரித்துவிடும். சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைப்பார்களாம், இருந்தாலும் இப்படித்தான். பத்தொன்பது பேரில் முஷ்டி சரியாக மூடியவர்கள் ஐந்து பேர். அதட்டியதற்கு வெட்கப்பட்டேன். முஷ்டியை விட்டு முழங்கைக்கு மாறினேன். முழங்கைக்கு முந்திரிப்பால் படுவதில்லை.

முழங்கை அடியை முதலில் பிடித்துக்கொண்டவள் அந்த ஐந்து பேரில் ஒருத்தி. மலர்க்கொடி என்று வைத்துக்கொள்வோம். இருபத்தொன்பது வயது, ஒல்லி உடம்பு. நான் பிடித்திருந்த மெத்தையில் அவள் அடித்தபோது என் தோள்பட்டை குலுங்கியது. "எங்கே வேலை?" என்றேன். பெரம்பலூர்ப் பக்கம் ஒரு தையல் கம்பெனி. பயிற்சிக்காக அன்று லீவு போட்டிருந்தாள். மற்றபடி தினமும் காலை 5.45-க்குக் கம்பெனி வண்டி மெயின்ரோட்டுக்கு வரும். ஊரிலிருந்து அந்த இடம் ஒன்றரைக் கிலோமீட்டர், முந்திரிக்காட்டு வழி. புருஷன் சிங்கப்பூரில். வீட்டில் மாமியார், கொழுந்தன், ஆறு வயது மகள்.

ஞாயிறு காலை 11.00. தேநீருக்காக விட்ட நேரத்தில் மலர்க்கொடி என்னைக் கூடத்தின் பின்பக்கம் கூப்பிட்டாள்.

"மாஸ்டர், சத்தம் போடாம அடிக்கிற அடி ஏதாச்சும் இருக்கா?"

"ஏன், சத்தம் போட்டா என்ன?"

"வூட்ல தெரிஞ்சிரும்."

ஒரு மாதமாக நடப்பதைச் சொன்னாள். வேலைக்குப் போகும்போது ஒருவன் பைக்கில் பின்னால் வருவான். ஓடைப் பள்ளத்தில் இன்ஜினை நிறுத்திவிட்டுக் கூடவே உருட்டிக்கொண்டு நடப்பான். இரண்டு தடவை கையைப் பிடித்துவிட்டான்.

"ஆளு யாருன்னு தெரியுமா?"

"தெரியாம என்னா மாஸ்டர். எங்க பங்காளி வூட்டுப் பையன்தான். எனக்குக் கொழுந்தன் முறை."

"வீட்ல சொல்லிடு."

"சொன்னா அவனை ஒண்ணும் பண்ண மாட்டாங்க. என்னையத்தான் நிறுத்திப்புடுவாங்க. என்கூட ஒருத்தி வந்துகிட்டிருந்தா, அவளுக்கும் அதான ஆச்சு." தேநீர் டம்ளரைச் சுவர்மேல் வைத்தாள். "ஆறு வருசமா போறேன். அடுத்த மாசம் லைன் லீடர் ஆக்குறேன்னு சொல்லியிருக்காங்க. அங்க என்னைய மலர்க்கொடின்னு கூப்புடறாங்க மாஸ்டர். இங்க நான் மூத்தவன் பொண்டாட்டி."

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இப்போது யோசிக்கிறேன். அப்போது யோசிக்கவில்லை. இருபது வருடமாகச் சொல்லிவரும் பாடம் வாயில் தயாராக இருந்தது. சத்தம்தான் முதல் அடி, அவன் பயப்பட வேண்டும், நாலு பேர் ஓடிவர வேண்டும், வாயை மூடிக்கொண்டு அடித்தால் நாளைக்கு உன்னையே தப்பாகப் பேசுவார்கள். எல்லாம் சொன்னேன். சொன்னதோடு விடவில்லை. கூடத்துக்குள் அழைத்துப்போய் எல்லோர் முன்னாலும் கத்த வைத்தேன். முதலில் பூனை மாதிரி ஒரு குரல் வந்தது. ஒன்பதாவது தடவை கூரையில் இருந்த புறாக்கள் பறந்தன. பெண்கள் கைதட்டினார்கள். அவளும் சிரித்தாள். எனக்கு அன்று ராஜாங்கமே கிடைத்த மாதிரி இருந்தது. நாளைக்கு அவளோடு மெயின்ரோடு வரை நாம் நடந்து போகலாமே என்று ஒரு நினைப்பு வந்தது. மாலையில் முழங்கால் வீங்கியதும் அந்த நினைப்பு போய்விட்டது.

திங்கள் காலை 5.20. நான் தங்கியிருந்த சரோஜா வீடு ஊர்க்கோடியில், காட்டுவழி தொடங்கும் இடத்தில். வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். இருட்டு முழுசாகப் பிரியவில்லை. அப்போது கேட்டது. நேற்று நான் பழக்கிய அதே சத்தம், வயிற்றிலிருந்து வருவது. ஒன்று, உடனே இன்னொன்று.

ஓடினேன். எனக்கு முன்னால் சரோஜா ஓடினார். பால் கறந்துகொண்டிருந்தவர்கள், குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள் எல்லோரும் எங்கள் பின்னால். ஓடைப் பள்ளத்தில் ஒரு பைக் விழுந்து கிடந்தது. இருபத்தைந்து வயதுக்காரன் ஒருவன் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விரல்களுக்கு நடுவே ரத்தம். மலர்க்கொடி நான்கடி தள்ளி, கால்களை அகட்டி, முழங்கையை இறக்காமல் நின்றிருந்தாள். சேலைத் தலைப்பு கிழிந்திருந்தது. சாப்பாட்டுப் பை கீழே கவிழ்ந்து, புளிச்சோறு மண்ணில் கொட்டிக் கிடந்தது.

எனக்கு முதலில் வந்தது பெருமை. மறைக்க விரும்பவில்லை. அடி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

மெயின்ரோட்டில் கம்பெனி வண்டி ஹாரன் அடித்தது. மலர்க்கொடி பையை எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த மாமியார் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எங்கடி போற?"

"வேலைக்கு அத்தை."

"ஊரே கூடி நிக்குது, வேலைக்குப் போறாளாம். நட வூட்டுக்கு."

இன்னும் இரண்டு தடவை ஹாரன் கேட்டது. பிறகு வண்டி கிளம்பிய சத்தம்.

7.30-க்கு மலர்க்கொடி வீட்டு முன்னால் பேச்சு. பங்காளிகள் எட்டுப் பேர், எல்லோரும் ஆண்கள். அந்தப் பையனை மாமியார் காலில் விழவைத்தார்கள். அடி கொடுத்தவள் காலில் இல்லை, அவள் மாமியார் காலில். மூக்கில் பஞ்சோடு விழுந்து எழுந்தான். ஒரு பெரியவர், "ஏதோ புத்தி கெட்டுப் போச்சு, நம்ம புள்ளதான்," என்றார். அவ்வளவுதான், அவன் பக்கம் முடிந்தது.

நான் எழுந்தேன். "போலீஸ்ல எழுதிக் கொடுப்போம். நான் கூட வரேன்."

மலர்க்கொடியின் கொழுந்தன் மரியாதையாகத்தான் பேசினான். "நீங்க இன்னும் செத்த நேரத்துல பஸ் ஏறிடுவீங்க மேடம். நாங்க இவங்க மூஞ்சியிலதான முழிக்கணும்."

சிங்கப்பூருக்குப் போன் போட்டு எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்கள். புருஷன் முழுக்கதையும் கேட்டான். "அடி ஏதும் பட்டுச்சா?" என்று அவளைக் கேட்டான். இல்லை என்றாள். "சரி, இனிமே போவ வேணாம். அம்மா சொல்றத கேட்டுக்கிட்டு இரு," என்றான். கெட்டவன் மாதிரி தெரியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. சரோஜா மட்டும், "அவ என்னாய்யா தப்புப் பண்ணுனா?" என்று உரக்கக் கேட்டார். தப்புப் பண்ணியதாக யார் சொன்னார்கள் என்று பதிலுக்குக் கேட்டார்கள். உண்மைதான், யாரும் சொல்லவில்லை.

9.40. கிளம்பும்போது மலர்க்கொடி வீட்டுக்குப் போனேன். உள்நடையில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு மூட்டை முந்திரிக்கொட்டை. மாமியார் சாம்பல் கிண்ணத்தைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். "மன்னிச்சிரும்மா," என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். குரலில் கோபம் இல்லை. "நீங்க சொன்னபடிதான் மாஸ்டர் செஞ்சேன்," என்றாள்.

10.20-க்கு உடையார்பாளையத்தில் பேருந்து. அரியலூர், லால்குடி வழி திருச்சி, சுமார் தொண்ணூறு கிலோமீட்டர். மறுபடி லாரிகள், மறுபடி சாம்பல் நிற மரங்கள். அவள் கத்தாமல் இருந்திருந்தால் அவன் இன்னும் துணிந்திருப்பான், அந்தப் பள்ளத்தில் என்ன வேண்டுமானாலும் நடந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அதுவும் பொய் இல்லை. ஆனால் அரியலூர் தாண்டியதும் அந்த ஆறுதல் தீர்ந்துபோயிற்று.

ஏனென்றால் சத்தமில்லாத அடி இருக்கிறது. நான் அடித்திருக்கிறேன். இருபத்தொரு வயதில், திருச்சியில் நான் பழகிய இடத்தில், பாய்கள் அடுக்கி வைக்கும் அறைக்குள் எனக்கு மூத்த பயிற்சியாளர் ஒருவர் என் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினார். விலா எலும்பில் முழங்கையை இறக்கினேன். நானும் கத்தவில்லை, அவரும் கத்தவில்லை. வெளியே வந்து மீதி வகுப்பை முடித்தேன். வீட்டில் சொல்லியிருந்தால் அப்பா அன்று மாலையே என் சீருடையை அடுப்பில் போட்டிருப்பார். அதனால் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து முழங்கால் வலி என்று சொல்லி வேறிடம் மாறினேன், அடுத்த வருடம் கறுப்புப் பட்டை வாங்கினேன். இன்று நான் மாஸ்டராக இருப்பது அன்று வாயைத் திறக்காததால்தான். அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். இரண்டு வழியையும் சொல்லி, எதற்கு எதைக் கொடுக்க வேண்டியிருக்கும் என்றும் சொல்லி, முடிவை அவளிடம் விட்டிருக்கலாம். என் வயிற்றுப்பிழைப்பை நான் காப்பாற்றிக்கொண்ட விதத்தை அவளுக்கு மட்டும் கொடுக்காமல் வைத்துக்கொண்டேன்.

பிற்பகல் 2.30-க்கு உறையூரில் என் வீடு. கணவர் கதவைத் திறந்து பையை வாங்கிக்கொண்டார். பதினெட்டு வருடமாக என்னோடு இருக்கிறார், நல்ல மனிதர், இந்தப் பாய் அறைக் கதை அவருக்குத் தெரியாது. "என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு? எப்படிப் போச்சு?" என்றார். சொல்வதற்கு இதைவிடத் தோதான நேரம் எனக்கு வரப்போவதில்லை என்று தெரிந்தது.

"நல்லா போச்சு," என்றேன்.