நாற்பத்தோராம் பக்கத்துக் கூம்பு

உதியன்குளங்கரை ஜங்ஷனில் சதாசிவன் சாரைப் போல ஒரு கணக்கு வாத்தியார் கிடையாது. கிடைக்கவும் வேண்டாம். அவருடைய டியூஷன் சென்டர் மாடியில். என் போட்டோஸ்டாட் கடை கீழே. பதினாறு வருஷமாக அவர் நோட்டை நகல் எடுத்துத் தள்ளுகிறேன். பிள்ளைகள் மாறுவார்கள், நோட்டு மட்டும் மாறாது.

நாற்பத்தோராம் பக்கத்தில் தலைகீழாக நிற்கும் ஒரு கூம்புத் தொட்டி. தண்ணீர் ஒரே சீராக விழுகிறது. பாதி உயரத்தில் மட்டம் என்ன வேகத்தில் ஏறும் என்று கேள்வி. மகானுபாவர் தொட்டி வாயின் ஆரத்தை முதல் வரியிலேயே போட்டுவிட்டு, அப்புறம் வகையிடுவார். தண்ணீர் ஏற ஏற அதன் ஆரமும் கூடும் என்கிற சின்ன விஷயம் அந்தப் பெரிய மண்டைக்குள் ஏறவே இல்லை.

ரப்பர் பால் வெட்டும் அப்புக்குட்டன் மகள் ஜினி அந்த வழியில் எழுதியே டிகிரி கணக்குப் பேப்பரில் இரண்டு தடவை, நாலைந்து மார்க்கில் தோற்றாள். மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு. தவறினால் டிகிரியே இல்லை. அவள் துணிந்து கேட்டது கீழே எனக்கே கேட்டது.

"சாரே, வெள்ளம் ஏறும்போ ஆரமும் மாறுமில்லியா? அத முதல்லயே போட்டா எப்படி?"

"ரப்பர் வெட்டுகாரன் மவ எனக்குக் கணக்கு படிப்பிக்க வாறியா? போட்டத எழுதுட்டி!"

மாடியே சிரித்தது. அதோடு அவள் மாடி ஏறவில்லை. அப்பாவோடு தோட்டத்துக்குப் போனவள், ஒரு நாள் ஒரு தேங்காய்ச் சிரட்டையோடு கடைக்கு வந்து, குழாயைச் சன்னமாகத் திறந்து பிடித்தாள்.

"பாருங்க அண்ணா. அடியில சட்டுனு ஏறுது, மேல போகப் போக மெதுவாக்கும். சார் இதப் பாத்ததே இல்லியா?"

எங்கே பார்க்க! அவர் வீட்டைச் சுற்றியும் ரப்பர் மரம்தான், மரத்துக்கு மரம் பால் சொட்டி நிறைகிற சிரட்டைதான்.

மூன்றாவது பரீட்சையில் ஜினி ஆரத்தை உயரத்தோடு சேர்த்துக் கட்டி, வகையிட்ட பிறகே எண்ணைப் போட்டாள். பாஸானாள். மறுநாளே ஜங்ஷனில் பத்தடி பிளக்ஸ்: 'எங்கள் மாணவி, எங்கள் பெருமை'. ஜினி படத்துக்குப் பக்கத்தில் கைகட்டிய சார். வெட்கங்கெட்ட மனுஷன்!

ஜினி பால்வெட்டுக் கத்தியோடு வந்தாள். ஸ்டூல் கேட்டாள், கொடுத்தேன். பட்டப்பகலில் ஏறி, தன் முகத்தை மட்டும் வெட்டியெடுத்துச் சுருட்டிக்கொண்டாள். மாடி ஜன்னலில் நின்ற சார் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கு மனசு குளிர்ந்து போயிற்று.

இறங்கியவள் என்னைப் பார்த்தாள்.

"சிரட்டையக் காட்டின பொறவும் அந்தப் பக்கத்த நகல் எடுத்துக் குடுத்தீங்க இல்லியா அண்ணா?"

நான் ஸ்டூலை உள்ளே எடுத்து வைத்தேன். சாயங்காலம் சார் புது பேட்சுக்காக நோட்டை அனுப்பினார். நாற்பத்தோராம் பக்கம் அப்படியே இருந்தது. அறுபது நகல் எடுத்துக் கொடுத்தேன்.