பாலத்து மேட்டில் அம்மா

கடைசி மாமாவின் கல்யாணம் காங்கேயத்தில். சாயங்காலம் இணைச்சீர். மாப்பிள்ளையின் அக்கா நின்று செய்ய வேண்டிய சடங்கு அது. அந்த ஒரே அக்கா என் அம்மா. வருவதாகச் சொன்ன டிரைவர் வரவில்லை. அப்பாவுக்கோ இடது காலில் மாவுக்கட்டு. கிளட்ச் மிதிக்க வேண்டிய கால்.

"நானே ஓட்டறனுங்க" என்றாள் அம்மா.

தோட்டத்து மண்பாதையில் அப்பா அவளுக்குப் பழக்கியிருந்தார். பக்கத்தில் பால் போசியை வைத்துத்தான் ஓட்டச் சொல்வார். கிளட்ச்சிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால் பால் சிந்தும். அந்த நாட்களில் எங்கள் பழைய அம்பாசடர் முழுக்கப் புளித்த வாடை.

பின் சீட்டில் வண்டி ஓட்டத் தெரியாத பெரிய மாமாவும் சீர்த் தட்டுகளும். முன்னால் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் நான். புறப்பட்டதும் பதற்றத்தில் கிளட்ச்சைப் பாதி மிதித்து அம்மா கியர் போட, வண்டி கரகரவென்று கத்தியது.

"ஏனுங் மாப்ள, நாம கல்யாணத்துக்குத்தானுங்களே போறோம்?" என்றார் பெரிய மாமா.

அம்மா கியர் மாற்றும்போதெல்லாம், கட்டுக்கு வெளியே தெரிந்த அப்பாவின் கால்விரல்கள் தரையை அழுத்தின. கட்டுக்குள் அரிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

வாய்க்கால் பாலத்து மேட்டில் செம்மறிக் கூட்டம் குறுக்கே வந்தது. பாதி மேட்டில் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுக்க வேண்டியதாயிற்று. பின்னாலேயே தேங்காய் லாரி ஒன்று ஒட்டி நின்று ஹாரன் அடித்தது.

"அம்மணி, வண்டி பின்னால போயிருமாட்ட இருக்குது. எறங்கிக் கல்லு வெக்கட்டுமா?" மாமாவின் குரலில் இப்போது கேலி இல்லை.

"சும்மா உக்காருங்கண்ணா."

அம்மா செருப்பைக் கழற்றினாள். கிளட்ச்சை முழுக்க மிதித்து முதல் கியர் போட்டாள். பக்கத்தில் பால் இருப்பதைப் போலக் காலை மெல்ல மெல்ல மேலே விட்டாள். ஓரிடத்தில் வண்டி லேசாக நடுங்கியது. காலை அங்கேயே நிறுத்தி, ஆக்சிலேட்டரை அழுத்தி, கைப்பிரேக்கை விடுவித்தாள். ஒரு விரற்கடைகூடப் பின்வாங்காமல் வண்டி மேடேறியது.

நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிற நான், மண்டபத்து வாசலில் கண்டவரிடமெல்லாம், "எங்கம்மாதானுங்க ஓட்டீட்டு வந்தாங்க" என்றேன்.

"என்ற தங்கச்சியாக்கும்!" என்று மாமாவும் மீசையைத் தடவிக்கொண்டார்.

அப்பா மட்டும் ஒரு வார்த்தை பாராட்டவில்லையே என்று எனக்குக் கோபம். பாலத்தைத் தாண்டிய பிறகு எந்தக் கியருக்கும் அவர் கால்விரல்கள் அசையவே இல்லை. கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டு வந்தார். அரிப்பு நின்று தூங்கிவிட்டார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.