விளக்கெண்ணெய் பூசிய தோட்டா

வெள்ளையம்மாள் வாழாவெட்டியாகத் தாய்வீடு போனதற்கு நானே காரணம். இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

பேளுக்குறிச்சியில் துப்பாக்கி பழுது பார்ப்பது என் தொழில். வெள்ளைக்காரன் காலம். கொல்லிமலைக் காப்பித் தோட்டத்துத் துரை ஒருவர், தானாகவே தோட்டா ஏறிக்கொள்ளும் துப்பாக்கி ஒன்றைக் காட்டுப்பன்றி விரட்டுவதற்காக, அந்த மலையிலேயே குண்டனி நாடு என்ற பகுதியைச் சேர்ந்த பெரியண்ணனிடம் கொடுத்து வைத்திருந்தார். வெள்ளையம்மாள் அவன் மனைவி.

ஒருமுறை சந்தைக்கு வந்தவன், ஒரு வெடி வெடித்ததும் அடுத்த தோட்டா பாதியிலேயே நின்றுவிடுகிறது என்றான். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. தோட்டாப் பெட்டியின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. புதிது செய்ய ஒரு பகல் உட்கார வேண்டும்... சோம்பல் என்றே சொல்லிவிடுகிறேனே! தோட்டாவில் விளக்கெண்ணெய் பூசு, வழுக்கிக்கொண்டு ஏறும் என்று அனுப்பிவிட்டேன்.

ஏறத்தான் செய்தது. ஆனால் வெடிக்க வெடிக்க, அந்தச் சூட்டில் எண்ணெய் குழலுக்குள் பிசினாய்க் காய்ந்தது. சாமைக் காட்டில் பன்றி பாய்ந்த அன்று, வெடித்த காலித் தோட்டா உள்ளேயே ஒட்டிக்கொண்டது. அதை இழுத்துத் தள்ள வேண்டிய கொக்கி நழுவியது. அடுத்த தோட்டா அதன் முதுகில் முட்டி நின்றது. பெரியண்ணனின் தம்பிக்குத் தொடை கிழிந்தது.

ஊர் கூடி, துப்பாக்கிக்குத் தீட்டுப் பட்டதா என்று விசாரித்தது. வெள்ளையம்மாள் மறைக்கவில்லை. வீட்டுக்குத் தூரமாகி விலகியிருந்த நாளில் கூரை ஒழுகியதாம். நனைந்துவிடுமே என்று உள்ளே போய்த் துப்பாக்கியை நகர்த்தி வைத்தாளாம்.

என்னையும் வரவழைத்திருந்தார்கள். கழற்றிப் பார்த்தேன். உள்ளே மஞ்சள் பிசின்... என் கைவரிசை! ஊர்க்கவுண்டர் கேட்டார்.

"ஏனுங்க, துப்பாக்கில ஏதாச்சும் கோளாறுங்களா?"

"இல்லீங்க. துப்பாக்கி நல்லாத்தான் இருக்குதுங்க."

ஏன் அப்படிச் சொன்னேன்? உண்மை துரையின் காதுக்குப் போனால் என் பிழைப்பில் மண் விழும் என்ற பயம். அவள் பிழைப்பு...? அதை நான் நினைக்கவே இல்லை. பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கொக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளே அவளை ஆலத்தூர் நாட்டுக்கு, அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நானோ துடைத்துத் தருவதாகச் சொல்லித் துப்பாக்கியைக் கீழே கொண்டுவந்து, பிசினைச் சுரண்டி, புது ஸ்பிரிங் போட்டு, ஒருவருக்கும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தேன். எப்பேர்ப்பட்ட பிராயச்சித்தம், பார்த்தீர்களா!

ஊர் ஆறியதும் அவளை அழைத்து வந்துவிடலாம் என்று பெரியண்ணனுக்கு ஒரு நப்பாசை இருந்தது. சில வாரம் கழித்துப் பன்றிக்கறியோடு என் கடைக்கு வந்தான்.

"இப்ப தடங்கலில்லாம வெடிக்குதுங்க. அவ போனதுமே சரியாயிருச்சு. ஊரு சொன்னது நெசந்தானுங்க" என்றான்.

கண் கலங்கியிருந்தது அவனுக்கு. அப்போதாவது வாய் திறந்தேனா? கறியை வாங்கிக்கொண்டேன்.

வெள்ளையம்மாள் இன்னும் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறாள். முகம் தெரியாத உங்களிடம் இவ்வளவும் சொல்கிற நான்... மலையேறிப் போய் அவளிடம் ஒரு சொல் சொல்லவில்லை.