ரயில் கேட் எண்டு, உப்பளம் எண்டு

மாவட்டத் தேர்வுக்கு ஒரு கிளப்பிலிருந்து ஒரேயொரு வேகப்பந்து வீச்சாளரைத்தான் அனுப்பலாம் என்று தகவல் வந்தபோது எங்களிடம் இரண்டு பேர் இருந்தார்கள். இரண்டு பேருக்கும் பத்தொன்பது முடியப்போகிறது. இந்த வருடத்தை விட்டால் அந்த வயதுப் பிரிவே அவர்களுக்குக் கிடையாது.

ஒருவன் நெட்டை. சாகுபுரத்திலிருந்து பஸ் ஏறி வருவான். அப்பாவுக்கு ஃபாக்டரி வேலை, மகனுக்கு இன்ஜினியரிங் சீட்டும் தயார். இன்னொருவன் இடதுகைக்காரன், கடற்கரைத் தெரு. அவன் அப்பா மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோகும் தோணியில் தண்டேல், தோணியை நடத்துகிறவர். காத்துக் காலத்தில் தோணி ஓடாது, ஆவணி கழிந்துதான் கிளம்பும். அதுவரைக்கும் பந்து போடு, தேர்வில் எடுத்தால் சந்தோஷம், எடுக்காவிட்டால் என்னோடு வந்து ஏறு என்று மகனிடம் சொல்லிவிட்டார். இது எங்கள் கிளப்பில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு நன்றாகவே தெரியும்.

நான் பந்து போடுகிறவன் இல்லை. ஆள் குறைகிற நாளில் லாங் ஆனில் நிற்கிறவன். புள்ளியியல் படித்து முடித்துவிட்டு, பரீட்சைகளுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டு, வீட்டில் இருப்புக் கொள்ளாமல் அலைந்த காலம் அது. வைகாசியிலிருந்து போனும் முக்காலியுமாக மைதானத்துக்குப் போக ஆரம்பித்தேன். ஸ்லோ மோஷனில் பிடித்தால் ஒரு செகண்டுக்கு இருநூற்று நாற்பது படம் விழும். பந்து கையை விட்டதிலிருந்து பேட்ஸ்மேனை அடையும்வரை எத்தனை ஃபிரேம் என்று எண்ணினால் வேகம் வந்துவிடும். என் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை, எங்கேயோ பார்த்ததுதான். ஆனால் எங்கள் கிளப்பில் அதற்கு முன்னால் யாரும் எதையும் எண்ணியதில்லை. இரண்டு மாதத்தில் எனக்குப் பட்டப்பெயரே ‘ஃபிரேமு’ என்றாகிவிட்டது.

யாரை அனுப்புவது என்ற பேச்சு மைதானத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில்தான் நடந்தது. பேசியவர்கள் மூன்றே பேர். கேப்டன், துறைமுகத்தில் கன்டெய்னர் யார்டில் வேலை பார்ப்பவர். செயலாளர் அண்ணாச்சி, பஜாரில் இரும்புக்கடை வைத்திருப்பவர். அப்புறம் நான்.

கேப்டன் இடதுகைக்காரன் பக்கம். “எடது கை பவுலர்னாலே பேட்ஸ்மேனுக்கு கால் தடுமாறும்லே. இவன் பந்து தரையில பட்டு எந்திரிக்க அழகப் பாத்தியா? கீப்பர் கையக் கேளு, சொல்லும்.”

“கீப்பர் கை என்னத்தச் சொல்லும் அண்ணே? அவரு ரெண்டு பேரு பந்துக்கும்தான் ஐயோம்பாரு,” என்றேன்.

அண்ணாச்சி டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தார். “இவம்ட்ட பேசி ஜெயிக்க முடியாதுய்யா. இவங்கப்பன்கிட்ட ஆணி வித்துட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒண்ணொண்ணா எண்ணி வாங்குவாரு.”

“சும்மா இருங்க அண்ணாச்சி. இதப் பாருங்க.” நான் போனைத் திறந்து காட்டினேன். இருபது இருபது பந்து எண்ணியிருந்தேன். நெட்டையின் பந்து ஆறு ஃபிரேம் முன்னாலேயே போய்ச் சேர்ந்தது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, எல்லா நாளும் அப்படித்தான்.

“ஆறு ஃபிரேம்னா கிலோமீட்டர்ல எவ்வளவுலே?” என்றார் கேப்டன்.

சொன்னேன். அவர் போனை வாங்கி ஒருமுறை பார்த்தார். பிறகு, “கண்ணுக்கு அப்படித் தெரியலியே,” என்றார்.

“கண்ணு பொய் சொல்லும் அண்ணே. இது சொல்லாது.”

இதை நான் சொன்னேன். நல்ல சத்தமாகச் சொன்னேன். டீக்கடைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். இடதுகைக்காரன் கொஞ்சம் தள்ளி சைக்கிளில் சாய்ந்து நின்றிருந்தான். அவனும் கேட்டான். என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்ததுபோல் இருந்தது. சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டான். வெள்ளிக்கிழமை நெட்டையின் பெயர் போனது.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டப்பிடாரத்தில் ஒரு மேட்ச். காலை ஏழு மணிக்கே ஆரம்பம். பள்ளிக்கூட மைதானம், மேற்கே இரண்டு மாடிக் கட்டடம், மற்ற பக்கமெல்லாம் மரம். பழக்கதோஷத்தில் போனை நட்டேன். இடதுகைக்காரனின் மூன்றாவது பந்து பேட்ஸ்மேனின் கிளவுஸில் பட்டு கீப்பர் தலைக்கு மேலே போய்விட்டது. எதிரணிக்காரன் ஒருவன், “யாருலே இவன், இங்கன கொண்டாந்து விட்டிருக்கிய!” என்று கத்தினான். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, நம்ம பையன்தானே என்று.

திரும்பி வரும் பஸ்ஸில் எண்ணினேன். தப்பாக எண்ணிவிட்டேன் என்று நினைத்து மறுபடியும் எண்ணினேன். இடதுகைக்காரனின் பந்து மூன்று ஃபிரேம் முன்னால் வந்தது. அதே மேட்சில் நெட்டை போட்டதைவிட வேகம். பஸ் ஊருக்குள் வந்து, ஜன்னல் வழியாக முகத்தில் தூசியும் சூடுமாகக் காற்று அடித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் மைதானத்துக்கு மேற்கே ரயில் கேட், கிழக்கே உப்பளம். வைகாசியிலிருந்து ஆவணி வரை மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும். நின்றால் சட்டை கழன்றுவிடும்போல அடிக்கிற காற்று. எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம்: போன மேட்சில் அதிக விக்கெட் எடுத்தவனுக்குத்தான் ரயில் கேட் எண்டு, அந்தப் பக்கமிருந்து ஓடிவந்து போடுகிற உரிமை. வைகாசி முதல் மேட்சில் நெட்டை மூன்று எடுத்தான். அன்றிலிருந்து அந்த எண்டு அவனிடமே இருந்தது. முதுகில் காற்று, அதனால் விக்கெட். விக்கெட் விழுந்ததால் மறுபடியும் அதே எண்டு. இடதுகைக்காரன் இரண்டு மாதமும் உப்பளத்துப் பக்கமிருந்து, கண்ணில் மண் விழ, காற்றை முட்டிக்கொண்டு ஓடிவந்தான். கச்சான் என்று நாங்கள் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்வோம். துணி காயப்போட, வண்டி ஓட்ட, பந்தல் கட்ட, எல்லாவற்றுக்கும் சொல்வோம். எண்ணும்போது எனக்கு ஞாபகம் வரவில்லை. நான் பிடித்த வீடியோ எல்லாமே காற்றில்தான் பிடித்தது. அது இல்லாத ஒரு நாள்கூட என்னிடம் இல்லை.

நேராக இரும்புக்கடைக்குப் போனேன். அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டார். அங்கேயே மாவட்டச் சங்கத்துக்குப் போன் போட்டார், ஸ்பீக்கரில். எதிர்முனையில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். பட்டியல் மேலே போய்விட்டது, காயம் பட்டால் மட்டும் பெயர் மாற்றலாம், டாக்டர் சர்டிபிகேட் வேண்டும் என்றார்.

போனை வைத்துவிட்டு அண்ணாச்சி என்னைப் பார்த்தார். “அந்த நெட்டைப் பய கால ஒடைக்கவா சொல்லுத?”

“இல்ல அண்ணாச்சி.”

“அப்ப பேரு போயிட்டுலே. விடு.”

நெட்டையிடம் போய் விட்டுக்கொடு என்று கேட்கலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். புது ஷூ வாங்கியிருந்தான். என்னைக் கண்டதும், “ஃபிரேமு, ஒன்னாலதாம்லே!” என்று கட்டிப்பிடித்துக்கொண்டான். அவன் என்ன தப்புச் செய்தான்? கேட்காமலே வந்துவிட்டேன்.

இடதுகைக்காரனிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் முகத்தில் ஆச்சரியமே வரவில்லை.

“காத்து எங்கேருந்து அடிக்குன்னு எனக்குத் தெரியாதாலே? தோணிக்காரன் மவன்கிட்ட வந்து சொல்லுத.”

“அப்ப ஏம்லே சொல்லல?”

“கேப்டன்ட்ட ரெண்டு தடவ எண்டு கேட்டேன். விக்கெட் எடு, தாரேன்னாரு. அன்னைக்கு டீக்கடையில சொல்லணும்னுதான் வந்தேன். நீ நம்பர் சொல்லிட்ட. படிச்சவன் நம்பர் சொன்ன பொறவு நான் காத்துன்னு சொன்னா, தோத்தவன் சாக்கு சொல்லுதாம்பீய.”

அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

“அந்த ஓட்டப்பிடாரம் வீடியோ இருக்கா?” என்றான். “எங்கப்பா நான் போட்டு ஒரு நாளும் பாத்ததில்ல.”

உள்ளே கூட்டிப்போனான். குசினியிலிருந்து அவன் அம்மா எட்டிப் பார்த்து, “சாப்ட்டியா ய்யா?” என்று கேட்டார்கள். அவன் அப்பா பாயில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை வாங்கினார். மகன் ஓடிவந்தான், போட்டான், பந்து எழும்பிப் போனது. அவர் பந்தைப் பார்க்கவில்லை. பின்னால் நிற்கிற வேப்பமரத்தில் விரலை வைத்து, “எல அசையவே இல்லையே, காத்து இல்லாத எடமா?” என்றார்.

“ஆமா மாமா.”

இரண்டாவது தடவை பந்தைப் பார்த்தார். மூன்றாவது தடவையும் பார்த்தார். “நல்லாத்தான் போடுதான்,” என்றார் மனைவிக்குக் கேட்கும்படி. பிறகு என் பக்கம் திரும்பி, திட்டுகிற தொனியே இல்லாமல், “இத அங்க உள்ளவங்ககிட்ட காட்டுனா பத்தாதா தம்பி?” என்று கேட்டார்.

“கேட்டுட்டோம் மாமா. பேர மாத்த முடியாதாம்.”

“அடுத்த வருசம்?”

“வயசு தாண்டிரும்.”

தலையை ஆட்டினார். மகன் சுவரில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆவணி கழிந்து தோணி கிளம்ப எத்தனை நாள் இருக்கிறது என்று அந்த அறையில் எல்லோருக்குமே தெரியும். நான் எழுந்து போகவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் நின்றேன்.

“இன்னொரு வாட்டி போடும் தம்பி,” என்று அவர் போனை என்னிடம் நீட்டினார். “எனக்கு இத ஓட்டத் தெரியல.”

போட்டேன்.