பாலை ஒளித்த இருவர்

கொக்குவிலில் நான் விலங்கியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் பால்சுரப்பியை வண்ணச் சோக்கால் அழகாகக் கீறுவேன். அச்சம் பால் இறங்குவதைத் தடுக்கும் என்று எழுத மறந்த பிள்ளைகளுக்குப் புள்ளி வெட்டுவேன். அந்த அறிவெல்லாம் பள்ளிக்கூட வாசலோடு சரி என்பது, தொண்ணூறாம் ஆண்டு மகள் பிறந்த பிறகுதான் தெரிந்தது.

போர் மூண்டு, இராணுவ ஹெலிகொப்டர் தாழப் பறந்து சுடத் தொடங்கிய கிழமையில், எங்கள் பசு பால் விடுவதை நிறுத்தியது. மடி கனத்திருக்கும், கறந்தால் சொட்டுத்தான். கன்றுக்கு விலா எலும்பு தெரிந்தது. மாடு பாலை ஒளிக்கிறது என்பது ஊர்ப்பேச்சு. நான் அதை அப்படியே நம்பி, "கள்ளி! பெத்த கண்டுக்கும் ஒளிக்கிறியோடி?" என்று மாட்டோடு சண்டை பிடித்தேன்.

எங்களோடு இருந்த மச்சாள், கணவரின் அக்கா, "மாட்டைப் பேசாதையும். அது பயந்துபோச்சு" என்றார்.

"மாட்டுக்கு என்ன பயம்?" என்றேன். சொன்னவள் விலங்கியல் ஆசிரியை.

அடுத்த கிழமை என் பாலும் நின்றது. கடைகளில் பால்மா இல்லை. மச்சாள் எங்கெங்கோ அலைந்து பால்சுறா வாங்கி, உள்ளி போட்டு வறை செய்து தந்தார். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க அதைவிட மருந்து இல்லை என்பார்கள். சட்டியோடு தின்றேன். சுறா முழுவதும் என் இடுப்பில் தங்கியது. மகளுக்கு ஒரு சொட்டும் இறங்கவில்லை. அவளுடைய தொடைத் தோல் தொளதொளத்தது, அழும் சத்தமும் மெலிந்தது.

ஒரு பின்னேரம் அவள் வெறும் முலையைச் சப்பிச் சப்பித் துப்ப, நான் வழக்கம்போல் யன்னலால் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மச்சாள் முன்னால் வந்து நின்றார்.

"அப்ப நீரும் கள்ளிதானே?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அடக்கமுடியாமல் அழுகை வந்தது. "எனக்குப் பயமாக் கிடக்கு மச்சாள்" என்று முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னேன்.

அவர் முற்றத்தில் கதிரையைப் போட்டு, முதுகை எனக்குக் காட்டி அமர்ந்தார்.

"வானத்தை நான் பாக்கிறன். ஹெலி வந்தாக் கூப்பிடுவன். நீர் பிள்ளையைப் பாரும்."

பார்த்தேன். அவளுடைய நாடியில் தகப்பனுக்கு இருப்பதுபோலவே ஒரு குழி இருந்தது. அதைக்கூட அதுவரை நான் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மார்பு குறுகுறுத்தது. அவள் விழுங்கினாள், புரையேறி இருமினாள், மறுபடியும் விழுங்கினாள். வயிறு நிறைந்ததும், பல நாளைக்குப் பிறகு, அவளாகவே முலையை விட்டாள்.