இரண்டாவது மாடியில் கேட்ட குரல்

அரங்கத்தில் அவனைக் காதுக்காரன் என்றார்கள். வாசலில் டிக்கெட் கிழிக்கும் வேலை. உள்ளே ஒத்திகை நடக்கும்போது வெளியே நின்றபடியே, எந்தத் தந்தி இழையளவு இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவான்.

"வாய்க்குச் சேர வேண்டியதையும் காதுக்கே குடுத்துட்டான்டா ஆண்டவன் உனக்கு" என்பார் விளக்கு போடுகிறவர்.

பாடகர்களைக் கண்டுபிடித்து மேடையேற்றும் ஏஜென்ட் ஆக வேண்டும் அவனுக்கு. ஆறு வருடம் தயாரானான். பள்ளி விழா, பாட்டுப் போட்டி, ஓட்டல் மேடை, எதையும் விடவில்லை. ஒவ்வொரு குரலுக்கும் நோட்டில் ஒரு வரி. 'மேலே போனால் மூக்கில் ஒதுங்குகிறது.' 'பாட்டைவிடத் தன்னையே அதிகம் கேட்கிறான்.' கண்ணாடி முன் நின்று மறுக்கவும் பழகினான். "உங்க குரல் நல்லாருக்கு. இப்ப எங்ககிட்ட இடமில்ல." கடைசிச் சொல்லில் குரல் தழையக் கூடாது. தழைந்தால் எதிரில் நிற்பவருக்கு நம்பிக்கை வந்துவிடும்.

அரங்கத்துக்கு வந்துபோகிற ஏஜென்ட் ஒருவர் கடைசியில் மசிந்தார்.

"ஒரே ஒரு குரல் கொண்டா. அத வெச்சு உன்னச் சேக்கலாமான்னு பாக்கறேன்."

குரல் வீட்டிலேயே இருந்தது. மனைவியின் தங்கை, அவர்களோடு நாலாவது மாடியில் இருந்தவள், காலையில் தையல் ஆலைக்கு இறங்கும்போது பாடிக்கொண்டே போவாள். இரண்டாவது மாடியில் படி திரும்பும் இடத்தில் அந்தக் குரல் எழுந்து நிற்கும். படுக்கையில் கிடந்தபடி தினமும் கேட்டிருக்கிறான்.

அவனுக்குப் பகலில்தான் ஓய்வு. அவளுக்குப் பகலில்தான் ஆலை.

"வேலைய விடணுமா மாமா?"

"வெண்ணெயக் கையில வெச்சுக்கிட்டு நெய்க்கு அலையாதே."

விட்டாள். இரண்டு மாதம் இரண்டாவது மாடித் திருப்பத்தில் நிற்கவைத்துப் பாடவைத்தான். வீட்டுக்குள் பாடினால் குரல் சுருங்கியது. 'அக்கா முன்னால் கூச்சம்' என்று நோட்டில் எழுதிக்கொண்டான்.

ஏஜென்டின் அறையில் நாலு சுவரிலும் கனத்த துணி. மைக் முன் நின்று அவள் பாடினாள். சுருதி எங்கும் தப்பவில்லை. ஆனால் குரல் வாயைவிட்டு வந்து காலடியிலேயே விழுந்தது. அவள் பாடி முடிப்பதற்குள் அவனுக்குத் தெரிந்துவிட்டது.

அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு ஏஜென்ட் கேட்டார்.

"எங்க கேட்ட இத?"

"எங்க மாடிப்படில சார்."

"வேற எங்கயாவது?"

அவன் நோட்டை மேசைமேல் வைத்தான்.

"படிக்கட்டக் கண்டுபிடிச்சிருக்க. அதத் தூக்கி எந்த மேடையில வெக்கறது?" நோட்டைப் புரட்டினார். "நானும் ஒரு தடவ ஒரு குளியலறையக் கூட்டிட்டு வந்தவன்தான். எழுதியிருக்கறதெல்லாம் சரியாத்தான் இருக்கு. நாளைலேர்ந்து வா. ஆனா வெளிய இருக்கற பொண்ணுகிட்ட இல்லன்னு நீயே சொல்லணும். சொல்லத் தெரியுதான்னு பாக்கறேன். கதவச் சாத்தாதே."

அவன் வெளியே போனான். அவள் எழுந்தாள்.

"எப்படி மாமா?"

"உங்க குரல் நல்லாருக்கு" என்றான்.

அவள் சிரித்துவிட்டாள். "யார்கிட்ட பேசறீங்க?"

"இப்ப எங்ககிட்ட இடமில்ல."

கடைசிச் சொல் தழையவில்லை. அவள் சிரிப்பு நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது. உள்ளேயிருந்து "சரி" என்று குரல் வந்தது.

ஆலையில் அவள் மெஷினில் வேறொருத்தி உட்கார்ந்துவிட்டாள். மூன்று வாரம் அலைந்து, இரண்டு பஸ் மாறிப் போகிற இடத்தில் பெட்டி கட்டும் வேலை கிடைத்தது. அட்டைத் தூசி. "வேல கெடச்சிடுச்சாமே உங்களுக்கு. அவளோடத வித்து வாங்கினீங்க" என்று மனைவி ஒரே ஒரு முறை சொன்னாள். அதன்பிறகு தட்டை வைப்பாள், பேச மாட்டாள்.

தங்கை இப்போது விடியுமுன்பே இறங்கிப் போகிறாள். பாடுவதில்லை. ஒரு நாள் இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று இருமினாள். அந்த இருமல் உருண்டு திரண்டு, முழுசாக நாலாவது மாடிக்கு ஏறி வந்தது. படுக்கையில் அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். நல்ல கனம். கீழ்ஸ்தாயியில் கொஞ்சம் கரகரப்பு.